மலையகத்தில் நல்ல கொக்டெயில் தேடி

2024 பெப்ரவரி 23, வெள்ளி: கண்டி

ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சாள் சொந்தக்காரர் வீடு, கோயில், நகைக்கடை எல்லாம் முடித்துவிட்டாள். "இனி எனக்கு ஒரு நல்ல பார் காட்டு" என்றாள். அங்கே வெள்ளிக்கிழமை வந்தால் புதுப்புது பாராகத் தேடிப் போகிறவள். கொழும்பு என்றால் காலி வீதியோடு போனாலே ஏதாவது காட்டிவிடலாம். அவளுக்கு மலைநாடுதான் வேண்டுமாம், குளிரில் இருந்து குடிக்க வேண்டுமாம். அவளுடைய லீவுக்கு இந்தக் கிழமை மட்டும்தான் பொருந்தியது. கிளம்பும் நாளோ நவம் போயா, பௌத்தர்களின் பௌர்ணமி விடுமுறை. போயாவுக்கு நாடு முழுக்க மது விற்கத் தடை என்று சொல்லிப் பார்த்தேன். "ஹொட்டல்காரர் குடுப்பினம்" என்றாள்.

கொடுக்கவில்லை. நாங்கள் தங்கிய இடத்தில் பார் மேசையை வெள்ளைப் படுக்கை விரிப்பால் மூடி, மூலைக்கு மூலை உடுப்புக் கவ்வி போட்டிருந்தார்கள். பியர் இருந்த குளிர்சாதனப் பெட்டியின் கண்ணாடிக்கு உள்பக்கமாகப் பழைய பேப்பர் ஒட்டியிருந்தது. ராசிபலன் பக்கம் வெளியே தெரிந்தது. மச்சாள் நின்று தன் ராசியை வாசித்தாள். வீண் செலவு என்று இருந்தது.

தலதா மாளிகைப் பக்கம் ஒரே வெள்ளை உடுப்பு. ஏரிக்கரையில் நடக்க இடமில்லை. கண்டி குளிரும் என்று நம்பி வந்தவள் வியர்த்துக் கொட்டினாள். செவ்விளநீர் ஒன்று 200 ரூபாய். வெட்டிய ஐயா வழுக்கையைச் சுரண்டித் தருவதற்குள் அவள் இரண்டாவதுக்குக் கையைக் காட்டிவிட்டாள்.

இரவுச் சாப்பாட்டுக்குப் போன கடையின் பெயரை எழுதப் போவதில்லை. பக்கத்து மேசையில் ஒரு குடும்பம். அப்பாவின் முன்னால் பீங்கான் டீப்பொட், அதற்குப் பின்னல் போட்ட கம்பளி உறை, பக்கத்தில் கோப்பை. அவர் ஊற்றினார், கோப்பையில் நுரை பொங்கியது. பிளேன்டீயில் நுரை வந்து நான் பார்த்ததில்லை. வெயிட்டர் தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து, "உங்களுக்கும் ஸ்பெஷல் டீ போடவா அக்கா? பொட் ஒன்று 1,500" என்றான். மச்சாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவளுக்குக் குடிப்பதைவிட அந்த உறையைப் படம் எடுப்பதில்தான் ஆசை. நான் வேண்டாம் என்றேன். இன்றைக்கு இந்த ஊருக்கு வந்தவர்களில் பாதிப்பேர் சில் (பௌத்த நோன்பு) எடுத்தவர்கள், அந்த மரியாதைக்கு ஓர் இரவு இஞ்சி பிளேன்டீயோடு போகட்டும். கொத்து ரொட்டி மட்டும் அருமை.

பெப்ரவரி 24, சனி: கண்டி

காலையில் விரிப்பை எடுத்துவிட்டார்கள்.

ராத்திரிக்கு அறையில் வைத்துக்கொள்ள ஒரு கால் போத்தல் சாராயம் வாங்கலாம் என்று ஒரு வைன் ஸ்டோர்ஸுக்குப் போனேன். கம்பி வலைக்குப் பின்னால் இருந்தவர் என்னைப் பார்க்காமலே, "பொம்பளைக்குக் குடுக்க ஏலாது" என்றார். இது அவருடைய குணம் இல்லை, சட்டமே அப்படித்தான். 1979இல் வந்த கலால் அறிவித்தல் ஒன்று பெண்களுக்கு மது விற்பதைத் தடுக்கிறது. 2018 ஜனவரியில் நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தையே நீக்கிவிட்டார். ஹொட்டல் பாரில் யாரும் இதைக் கிளப்புவதில்லை. கம்பி வலைக் கடையில்தான் சட்டம் ஞாபகம் வரும்.

பின்னால் வரிசையில் நின்ற வயதான ஐயா ஒருவர், சிங்களவர், "துவ (மகளே), என்ன வேணும்?" என்று பாதித் தமிழில் கேட்டார். காசை வாங்கினார், போத்தலை வாங்கினார், பேப்பரில் சுற்றச் சொன்னார், மிச்சக் காசை ஐம்பது ரூபாய்த் தாள் வரை எண்ணி என் கையில் வைத்தார். தனக்கு வாங்கியது ஒரு தீப்பெட்டி மட்டும். கால் போத்தல் 900 ரூபாய்க்கு மேல். சாராயத்துக்கு வரி ஏறி ஏறி, குடிகாரரெல்லாம் கணக்காளர் ஆகிவிட்டார்கள்.

மாலை ராஜ வீதியில் இருக்கும் ராயல் பார் அண்ட் ஹோட்டல். பழைய கட்டிடத்தைப் புதுப்பித்த இடம். நடுவில் திறந்த முற்றம், சுற்றிவர விறாந்தை, உயரமான கூரை. மச்சாளுக்கு முதல்முறையாக முகம் மலர்ந்தது. மெனு வந்ததும் வாடிவிட்டது. "மார்ட்டினி, மோஹிட்டோ, மார்கரீட்டா. இதைக் குடிக்கவா நான் பதினாறு மணித்தியாலம் பறந்து வந்தனான்?"

பாரில் நின்ற தம்பியைக் கூப்பிட்டு, சாராயத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். முதலில் தயங்கினான். பிறகு சாராயம், தேசிக்காய்ப் புளி, பெஷன் ஃபுரூட், கொஞ்சம் சீனிப்பாகு எல்லாம் விட்டுக் குலுக்கித் தந்தான். மேலே பழத்தின் கறுப்பு விதைகள் மிதந்தன. தென்னஞ்சாராயத்துக்கு ஒரு வாசம் உண்டு. பாளையிலிருந்து இறக்கிய கள்ளு தானாகப் புளித்து, வடிந்து, ஹல்மில்ல மரப் பீப்பாயில் கிடந்து வரும் வாசம். கோலா ஊற்றினால் அது செத்துவிடும். புளிப்போடு சேர்த்தால் எழும்பி வரும். மச்சாள் கிளாஸை வைத்துவிட்டு, "இதை ஏன் மெனுவிலே போடேல்லை?" என்று கேட்டாள். தம்பி சிரித்தான். பதில் சொல்லவில்லை.

அப்புறம் ஏரிக்கு மேலே ஸ்லைட்லி சில்ட் என்ற பாரில் ஒரு லயன் பியரும் டெவல் பண்ணிய கோழியும். காட்சி நல்லது, கோழி காரம், பாட்டுச் சத்தம் கூட.

பெப்ரவரி 25, ஞாயிறு: கினிகத்தேனை வழியாக டிக்கோயா

வேன் ஓட்டும் அண்ணன் ஹட்டன்காரர். நாங்கள் என்ன தேடி வந்திருக்கிறோம் என்று தெரிந்ததும் கண்ணாடியில் எங்களை ஒருமுறை பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. கினிகத்தேனை தாண்டும்போது, "தங்கச்சி, கித்துள் கள்ளு குடிச்சிருக்கீங்களா?" என்றார். கித்துள் ஒரு பனை வகை மரம்.

ரோட்டோரம் அவருக்குத் தெரிந்த வீடு. உள்ளேயிருந்து ஒரு பழைய சோடாப் போத்தல் வந்தது. மூடியை இறுக்கவில்லை. இறுக்கினால் வெடித்துவிடுமாம். வீட்டுக்கார அம்மா ஒரு வெள்ளைத் துணியை எவர்சில்வர் டம்ளர் வாயில் விரித்து மெதுவாக ஊற்றினார். துணியில் நுரை தங்கியது. நுரையில் எட்டுப் பத்துத் தேனீக்கள், சிறு எறும்புகள், ஒரு சின்னப் பூவிதழ். டம்ளரில் விழுந்தது கலங்கல் வெள்ளை. காலையில் இறக்கியது என்பதால் இன்னும் இனிப்பு இருந்தது, அடியில் மெல்லிய புளிப்பு, மூக்கில் குத்தும் வாயு. "பின்னேரம் வந்தா இதே போத்தல் ஆளைத் தூக்கும்" என்றார் அண்ணன். அவர் குடிக்கவில்லை, ஸ்டியரிங் பிடிக்கிறவர். மச்சாள் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, இதில் ஜின் கலந்தால் எப்படியிருக்கும் என்று ஆராயத் தொடங்கினாள். வீட்டுக்கார அம்மாவுக்கு அது விளங்காதது நல்லதாகப் போயிற்று.

மத்தியானம் டிக்கோயாவில் மாமா வீடு. அம்மாவின் தம்பி. அத்தை இன்னும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறார். ரொட்டி, கட்டச் சம்பல், கருவாட்டுக் குழம்பு, லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் முளைத்த பீர்க்கங்காய். மச்சாள் நான்காவது ரொட்டிக்குக் கை நீட்டினாள். அத்தைக்கு அவளை அந்த இடத்திலேயே பிடித்துப்போயிற்று.

என்ன பார்க்க வந்தீங்க என்று அத்தை கேட்க, மச்சாள் ஒளிக்காமல் சொன்னாள். போனில் எடுத்த மெனுப் படத்தையும் காட்டினாள். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விலையை மட்டும் வாசித்தார். "ரெண்டாயிரத்து ஐநூறா? ஒரு கிளாஸா?" தோட்டத்தில் அப்போது நாட்சம்பளம் 1,000 ரூபாய். 2021இல்தான் அதுவும் வந்தது. கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம். "அப்ப ரெண்டரைப் பேரு" என்று கணக்கை முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். கோபம் இல்லை. விலை தெரிந்துகொண்டார், அவ்வளவுதான்.

மாமாவுக்கு மாலையில் கால் போத்தல் உண்டு. சம்பள நாளுக்குப் பிறகு கொஞ்ச நாள் கடைச் சாராயம். பிறகு அது கட்டுப்படியாகாது. காசு முடிந்ததும் சிலர் கசிப்புக்குப் போகிறார்கள். சீனியும் ஈஸ்ட்டும் போட்டுக் களவாகக் காய்ச்சுவது. அதில் என்ன கலக்கிறார்கள் என்று காய்ச்சுகிறவனுக்கே தெரியாது என்றார் மாமா. "வரி ஏத்தினா குடி குறையுமுன்னு கொழும்புல நெனைக்கிறாங்க. நம்ம லயத்துல கசிப்புதான் கூடுது." அத்தை உள்ளேயிருந்து, "இவரு ரொம்ப யோக்கியம்" என்று குரல் கொடுத்தார்.

எங்களுக்குக் குடிக்கக் கிடைத்தது கொத்தமல்லித் தண்ணீர். இஞ்சி தட்டிப் போட்டு, மிளகு நுணுக்கி, கருப்பட்டி கடித்துக்கொண்டு. மலையில் மூடுபனி இறங்கிவிட்டது. மச்சாள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் காதில், "இதிலே ஒரு அவுன்ஸ் சாராயம் விட்டால் இந்தப் பயணத்திலேயே இதுதான் முதலிடம்" என்றாள். கால் போத்தல் என் கைப்பையில்தான் இருந்தது. அத்தை முன்னால் எடுக்க எனக்குத் துணிவு இல்லை.

பெப்ரவரி 26, திங்கள்: நுவரெலியா

குளிர் கிடைத்தது. அறையில் ஹீட்டருக்குத் தனிக் காசு.

பகலில் அண்ணன் லவர்ஸ் லீப் அருவிப் பக்கம் கூட்டிப் போனார். இந்த அருவித் தண்ணீரை நம்பித்தான் 1881இல் இங்கே சிலோன் புருவரி வந்தது. லயன் பியரின் பிறப்பிடம் இதுதான். அதற்கும் முன்னால், 1840களின் கடைசியில், சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் இங்கிலாந்திலிருந்து மாடு, விதை, கொல்லன் என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து இங்கே ஒரு இங்கிலீஷ் கிராமத்தையே நடப் பார்த்தார், பியரும் காய்ச்சினார். ஆலை பிறகு கொழும்புப் பக்கத்துப் பியகமவுக்கு இறங்கிவிட்டது. இந்த ஊர் பியர் இப்போது கீழேயிருந்து லொறியில் மலையேறி வருகிறது. மத்தியானம் லயன் ஸ்டவுட் குடித்தோம். கறுப்பு, கோப்பிக் கசப்பு, 8.8 வீதம். குளிருக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. மச்சாள் வெளிநாட்டில் இதைத் தேடி வாங்குபவர்களைக் கண்டிருக்கிறாளாம். இங்கே பக்கத்து மேசையில் ஒருவர் அதை இருமல் மருந்து என்றார்.

இரவு ஹில் கிளப். 1876இல் தொடங்கியது. வெகுகாலம் வெள்ளைக்கார ஆண்களுக்கு மட்டும். இப்போது தற்காலிக உறுப்பினர் கட்டணம் என்று ஒரு சிறு தொகை கட்டினால் யாரும் போகலாம். ஏழு மணிக்குப் பிறகு ஆண்களுக்குக் கோட்டும் டையும் கட்டாயம். இல்லாதவர்களுக்கு இரவல் கொடுக்க ஓர் அலுமாரியே வைத்திருக்கிறார்கள்.

அண்ணன் வேனிலேயே இருக்கிறேன் என்றார். மச்சாள் விடவில்லை. அலுமாரியில் அவர் அளவுக்குக் கிடைத்த கோட்டுக்குத் தோள் அகலம், கை நீளம். டை கட்டத் தெரியாது என்றதும் வாசலில் நின்ற பெரியவர் எழுந்து, பேசாமல் தன் கழுத்தில் வைத்து முடிச்சுப் போட்டு, வளையத்தைக் கழற்றி அண்ணன் தலையில் மாட்டி இறுக்கிவிட்டார். அண்ணனின் தாத்தா இதே கேட்டுக்கு வெளியே ரோட்டு வேலை செய்தவராம். அதைச் சொல்லிவிட்டுச் சுவரில் மாட்டியிருந்த மான் தலையை ஏறிட்டுப் பார்த்தார். "இது நம்ம காட்டு மரை தானே?" என்றார்.

பார்மேன் நானுஓயாப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. இரண்டு நிமிடத்தில் அண்ணனும் அவரும் ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள் என்று தெரிந்துவிட்டது. அதன்பிறகு எங்களைக் கவனிக்க ஆள் இல்லை. கணப்பில் விறகு எரிந்தது, நாற்காலி நன்றாகப் புதைந்தது. ஜின்னில் பிட்டர்ஸ் இரண்டு சொட்டு விட்டு, கிளாஸைச் சுழற்றித் தந்தார். சுத்தமான கை. ஆனால் மச்சாள் சொன்னது சரி, இந்த அறையில் இருப்பதெல்லாம் இன்னொருவர் ஊர்க் குடி. தோட்டத்துரைகள் போய்விட்டார்கள், அவர்களுடைய மெனு போகவில்லை. அண்ணன் ஜின்ஜர் பியர்தான் குடித்தார், கோட்டைக் கடைசி வரை கழற்றவில்லை.

பெப்ரவரி 27, செவ்வாய்: எல்ல

ரயில் நானுஓயாவுக்கு இரண்டு மணித்தியாலம் பிந்தி வந்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. மேடையில் இறால் வடை விற்ற பையன் ஒவ்வொரு அரை மணிக்கும் வந்து, "இப்ப வரும் அக்கா" என்று சொல்லி நான்கு வடை விற்றான். கடைசியில் நாங்கள் அவனைத் தேடத் தொடங்கிவிட்டோம். பாதையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எல்லாரும் படம் போட்டுவிட்டார்கள்.

எல்ல ஒரே ஒரு தெரு. தெரு முழுக்க பார். பார் முழுக்க வெள்ளைக்காரர். ஒவ்வொரு வாசலிலும் கரும்பலகை, பல கரும்பலகைகளில் இரண்டு வாங்கினால் ஒன்றுக்குக் காசு. முதல் இடத்தில் உட்காரப் போனதும் வாசலில் நின்றவர் எங்களிடம், "யாரோடு வந்தீங்க?" என்று கேட்டார். முன்னால் போன ஜெர்மன் பெண்கள் இருவரிடம் அப்படிக் கேட்கவில்லை. மச்சாள் கனடாப் பாஸ்போர்ட்டை எடுக்கப் போனாள். நான் இழுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போனேன்.

அங்கே மோஹிட்டோ 2,200. புதினா இலை அலங்காரத்துக்கு. சுவை போத்தல் சிரப், பச்சை நிறம், பல் துலக்கிய மாதிரி. இரண்டுக்கும் 4,400 என்று நினைத்திருந்தால், பில்லில் 10 வீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேல் 2024 ஜனவரியில் 18 வீதமான வற் (பெறுமதி சேர் வரி). 5,700ஐத் தாண்டிவிட்டது. சரி, அத்தையின் கணக்கில் ஐந்தே முக்கால் பேர் வரும். மச்சாளே அதைச் சொன்னாள், சொல்லிவிட்டு மிச்சத்தைக் குடிக்கவில்லை.

நல்லது தெருவின் கடைசியில், படியேறிப் போகும் ஒரு சின்ன இடத்தில் கிடைத்தது. பத்து மணி, கூட்டம் கலைந்துவிட்டது. பார் தம்பி ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம், பண்டாரவளை ஹோட்டல் ஸ்கூலில் படித்தவன். நாங்கள் தமிழில் சண்டை பிடிப்பதைக் கேட்டுவிட்டு, "அக்கா, மெனுவுல இல்லாத ஒன்னு தரவா?" என்றான்.

குளிர்பெட்டியின் பின்பக்கத்திலிருந்து ஒரு ஜாம் போத்தலை எடுத்தான். உள்ளே தேயிலைச் சாயம், பொன்னிறம், துளி கலங்கல் இல்லை. முந்தின ராத்திரியே பச்சைத் தண்ணீரில் பி.ஓ.பி. என்ற தேயிலை வகைத் தூளைப் போட்டுக் குளிரில் வைத்துவிடுகிறான். கொதிநீரில் ஊறவைத்தால் கசப்பும் துவர்ப்பும் மிகுதியாக இறங்கி, சாராயத்தோடு சேரும்போது நாக்கைப் பிடிக்குமாம். சாராயம் 50 மில்லிலீற்றர், சாயம் 60, தேசிக்காய்ப் புளி 20, கித்துள் பாணி (கித்துள் பதநீரைக் காய்ச்சிய பாகு) 15. பாணி குளிரில் அடியில் உறைந்து நிற்கும் என்பதால் ஐஸ் போடுவதற்கு முன் புளியில் கரைத்துக்கொண்டான். அப்புறம் குலுக்கல். ஷேக்கரின் வெளியே வெள்ளையாகப் பனி பிடிக்கும் வரை. வடித்து, மேலே மிளகை ஒரே ஒரு சுற்று அரைத்தான்.

முதலில் மிளகு வாசம். பிறகு புளிப்பு. விழுங்கிய பிறகு புகை படிந்த அந்தப் பாணி இனிப்பு, அதன் பின்னால் தேயிலையின் துவர்ப்பு மெல்ல வந்து வாயைச் சுத்தம் செய்தது. மச்சாள் பேசவில்லை. அது அபூர்வம்.

"இத ஏன் வெளிய விக்கல?" என்று நான் கேட்டேன்.

"முதலாளிகிட்ட சொன்னேன் அக்கா. சாராயம் லோக்கல் ஆளுங்க குடிக்கிறதுன்னாரு. வெள்ளைக்காரங்க பேரு தெரிஞ்சதத்தான் கேப்பாங்களாம்." கிளாஸைத் துடைத்துக்கொண்டே, "அடுத்த மாசம் டோஹா போறேன். அங்க ஹோட்டல்ல எடுத்திருக்காங்க" என்றான். அங்கே தேயிலைக்கும் பாணிக்கும் என்ன செய்வாய் என்று மச்சாள் கேட்டாள். "பெட்டியில ரெண்டு போத்தல் கொண்டு போவேன்" என்றான். பில்லில் அதற்கு என்ன பெயர் போடுவது என்று தெரியாமல் இரண்டு ஜின் அண்ட் டொனிக் என்று அடித்தான்.

பெப்ரவரி 28, புதன்: பண்டாரவளை

கொழும்புக்கு இறங்கும் முன் சந்தையில் கித்துள் பாணி. கடைக்குக் கடை ஒவ்வொரு விலை, எல்லாப் போத்தலிலும் அசல் என்று லேபல். மச்சாள் ஒவ்வொரு கடையிலும் விரலில் தொட்டு நக்கிப் பார்த்து, நேற்றிரவு கற்ற அறிவையெல்லாம் காட்டினாள். ஒரு கடைக்கார அக்கா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கீழ்த்தட்டிலிருந்து லேபல் இல்லாத போத்தல் ஒன்றை எடுத்து வைத்தார்.

"இதுல சீனி இல்லையா?" என்று கேட்டேன்.

"இல்லேன்னு சத்தியம் பண்ண மாட்டேன் தங்கச்சி. மத்ததுல இருக்கிறத விட இதுல கொறைவு."

இவரிடம் பேரம் பேச மனம் வரவில்லை. இரண்டு போத்தல் 3,000 ரூபாய். மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி விட்டு, ரொறன்ரோ வரை போகும் என்று கேட்டதும் மேலே இன்னொரு பொலித்தீன் பை போட்டுத் தந்தார்.